பசுமை என்று பெயர் வைத்தால் போதுமா?

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

கையில் காலணா இல்லாதவருக்குத் தனபாலன் என்று பெயர் இருக்கும். ஓயாமல் சண்டை பிடிப்பவருக்குச் சாந்தி என்று பெயர் இருக்கும். மனிதர்க்கு இட்ட பெயர் பொருந்தாமற் போனால் யாருக்கும் கேடில்லை, சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஒரு வேதிப்பொருளுக்கு இட்ட பெயர் பொருந்தாமற் போனாலோ, அந்தப் பெயரை நம்பி அதைக் கையாளுகிறவரும், அது கலந்த நீரைக் குடிக்கிறவரும் அதற்கு விலை கொடுக்க நேரிடும். இன்றைய அறிவியல் உலகில் அடிக்கடி அடிபடும் அத்தகைய பெயர்களுள் ஒன்று ‘பசுமைக் கரைப்பான்’ என்பது. அப்பெயரைப் பெற்றவை அயனி நீர்மங்கள். அவற்றின் துணையோடு கிராஃபீன் தாளின்மீது ஒளிரும் துகள்களையும் காந்தத் துகள்களையும் ஒருங்கே பதித்து, நானோ கூட்டுப்பொருள்கள் என்னும் புதுவகைப் பொருள்களை ஆய்வாளர்கள் செய்து வருகிறார்கள். அம்முயற்சியின் சிறப்பை மறுப்பது என் நோக்கமன்று. அதற்குச் சூட்டப்படும் பசுமை என்னும் பட்டத்தைக் கணக்குப் பார்த்த பிறகே சூட்ட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் பொருளை அறிந்துகொள்வோம். நாம் எழுதும் பென்சிலுக்குள் இருக்கும் கிராஃபைட், கார்பன் அணுக்கள் அறுகோணம் அறுகோணமாகக் கைகோத்து நிற்கும் மெல்லிய தாள்களின் அடுக்கு. அந்த அடுக்கிலிருந்து ஒரே ஒரு தாளைப் பிரித்தெடுத்தால் அதுவே கிராஃபீன். 2004ஆம் ஆண்டில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்திரே கெய்ம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் என்னும் இருவரும், கடையில் விற்கும் ஒட்டுநாடாவைக் கிராஃபைட்டின்மீது ஒட்டி ஒட்டிப் பிரித்தே இதனைத் தனியாக்கிக் காட்டினார்கள். 2010ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. ஒரு கிராம் கிராஃபீனின் இரு பக்கப் பரப்பையும் கணக்கிட்டால் ஏறத்தாழ 2,630 சதுர மீட்டர் வருகிறது. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் 65 சென்ட் நிலம்! ஒரு சிட்டிகைப் பொடிக்குள் 65 சென்ட் நிலம் மடிந்து கிடக்கிறது என்றால், அதன்மீது எத்தனை துகள்களைக் குடியேற்றலாம் என்று எண்ணிப் பாருங்கள்.

அப்படிக் குடியேறுபவை இரண்டு. ஒன்று மாக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடு. இதன் துகள்கள் ஏறத்தாழ 20 நானோமீட்டருக்கும் சிறியனவாக இருந்தால் விந்தையான குணம் ஒன்று வந்துவிடுகிறது. பக்கத்தில் காந்தம் இருக்கும்வரை அவையும் காந்தமாக நடந்துகொள்ளும். காந்தத்தை அப்பால் எடுத்துவிட்டால் தம் காந்தத்தை மறந்துவிடும். அதனால் ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக் கட்டியாகிவிடாமல் நீரில் பரவி நிற்கும். வேண்டும்போது இழுத்தால் வரும். மற்றொன்று ஒளிரும் துகள். குவாண்டம் புள்ளிகள் என்பவை இவ்வகையின. பொருளை மாற்றாமல் அளவை மட்டும் மாற்றினாலே நீலம், பச்சை, சிவப்பு என்று இவற்றின் நிறம் மாறும். இவற்றைக் கண்டறிந்து உருவாக்கியதற்காகவே மௌங்கி பவெண்டி, லூயிஸ் புரூஸ், அலெக்சி எகிமோவ் மூவருக்கும் 2023ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இம்மூன்றையும் ஏன் ஒன்று சேர்க்க வேண்டும்? அழுக்கு நீரில் இக்கூட்டுப்பொருளைப் போட்டால், கிராஃபீன் தன் பரந்த பரப்பினால் சாயத்தையோ உலோக அயனியையோ பற்றிக்கொள்ளும். பற்றியதும் ஒளி மங்கும். அதைக்கொண்டு நீரில் நஞ்சு இருப்பதை அறியலாம். பிறகு பாத்திரத்தின் வெளிப்புறத்தில் ஒரு காந்தத்தை வைத்தால், நஞ்சைச் சுமந்த துகள்கள் யாவும் ஓர் ஓரமாக வந்து ஒட்டிக்கொள்ளும். வடிதாளும் வேண்டாம், சுழற்றிப் பிரிக்கும் எந்திரமும் வேண்டாம். காட்டிக் கொடுப்பதும், பிடிப்பதும், வெளியே கொண்டுவருவதும் ஒரே பொருளின் வேலையாகிறது. இந்த எண்ணம் அழகானது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்க முடியாது.

ஆனால் மூன்று பேரை ஒரே வீட்டில் குடிவைப்பது அவ்வளவு எளிதன்று. கிராஃபீன் ஒளிரும் துகளின் ஆற்றலைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டு அதன் ஒளியை அணைத்துவிடும் குணமுடையது. கரிய மாக்னடைட்டோ தன்மேல் விழும் ஒளியை விழுங்கிவிடும். ஆகவே ஒளிரும் துகளைக் கிராஃபீனை விட்டுச் சற்றே தள்ளி நிறுத்த வேண்டும்; இடையில் சிலிக்காவினாலோ வேறொன்றினாலோ ஒரு சுவர் எழுப்ப வேண்டும். அதோடு, தனித்தனியாகப் பிரித்த கிராஃபீன் தாள்கள் மீண்டும் அடுக்காகிப் பழைய கிராஃபைட்டாக மாறிவிடாமலும் காக்க வேண்டும். இந்த இடத்தில்தான் அயனி நீர்மம் உதவிக்கு வருகிறது.

சாதாரண சமையல் உப்பு உருக 801 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதன் அயனிகள் செங்கல்லைப் போல ஒழுங்காக அடுக்கிக்கொண்டு இறுகப் பிடித்திருப்பதே காரணம். செங்கல்லை அடுக்கலாம், பலாப்பழத்தை அடுக்க முடியுமா? இமிடசோலியம் போன்ற பெரிய, கோணல்மாணலான நேரயனியை உப்பில் சேர்த்துவிட்டால் அடுக்கு சரியாக அமையாது. அத்தகைய உப்பு 100 பாகைக்குக் கீழேயே, சிலவேளை அறை வெப்பத்திலேயே, நீர்மமாகிவிடும். 1914ஆம் ஆண்டிலேயே பால் வால்டன் என்னும் வேதியியலார் 12 பாகையில் உருகும் எத்தில் அம்மோனியம் நைட்ரேட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். 1992இல் வில்க்ஸ், சவொரோட்கோ இருவரும் காற்றுக்கும் ஈரத்துக்கும் கெடாத இமிடசோலியம் நீர்மங்களை வெளியிட்ட பிறகே இத்துறை ஓங்கி வளர்ந்தது. இந்நீர்மத்தின் நேரயனி, எதிர் மின்னூட்டம் கொண்ட கிராஃபீன் ஆக்சைடின்மேல் சென்று அமர்கிறது. தாள்களை விலக்கி வைக்கிறது. துகள்கள் வந்து பதியும் இடமாகிறது. நுண்ணலை அடுப்பில் வைத்தால் இதன் அயனிகள் அலைகளை நன்கு உறிஞ்சி விரைவில் சூடேறுவதால், நேரமும் மிச்சமாகிறது.

இவ்வளவு நன்மை செய்யும் நீர்மத்துக்குப் பசுமை என்ற பெயர் எதனால் வந்தது? இது எளிதில் ஆவியாவதில்லை என்பதனால் வந்தது. பென்சீனும் ஈதரும் ஆய்வகக் காற்றில் கலந்து மூச்சோடு உள்ளே போகின்றன, தீப்பற்றுகின்றன. அயனி நீர்மமோ குடுவையில் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த நியாயம் உண்மையானதே. ஆனால் இது பாதி நியாயம். காற்றில் போகாதது நீரில் போகாது என்று யார் சொன்னது?

கணக்கின் மறுபாதியைப் பாருங்கள். இத்துறையில் பெரிதும் பயன்பட்ட ஹெக்சாஃபுளோரோபாஸ்பேட் வகை நீர்மம் ஒன்று, நீரோடு சேர்ந்து சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடைத் தரக்கூடும் என்று 2003இல் ராபின் ராஜர்ஸ் குழுவினர் காட்டினார்கள். கண்ணாடியையே அரிக்கும் பொருள் அது. இமிடசோலியத்தோடு இணைந்த கார்பன் சங்கிலி நீள நீள, நீரில் வாழும் பாசிக்கும் நுண்ணுயிர்க்கும் நஞ்சு கூடுகிறது என்பது இன்று நன்கு அறியப்பட்ட செய்தி. சங்கிலியைக் குறுக்கினால் நஞ்சு குறைகிறது. ஆனால் மண்ணில் எளிதில் மக்குவதில்லை. 2018இல் வடகிழக்கு இங்கிலாந்தில் குப்பை கொட்டும் இடம் ஒன்றின் அருகே, மண்ணிலேயே இவ்வகை இமிடசோலியம் அயனி இருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆவியாகவே ஆகாது என்ற பேச்சும் முழு உண்மையன்று. சில அயனி நீர்மங்களைக் குறைந்த அழுத்தத்தில் காய்ச்சி வடிக்கலாம் என்று 2006இல் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. ஒரு காந்தத்தை வைத்துக் கூட்டுப்பொருளைத் திரும்பப் பெறுகிறோம் என்று பெருமை கொள்கிறோம். அந்தக் காந்தம் துகளை இழுக்கும்; கழுவிய நீரோடு போன வழக்கமான அயனி நீர்மத்தை இழுக்காது.

மற்ற பொருள்களின் கணக்கும் சற்றுக் கேளுங்கள். கிராஃபீன் ஆக்சைடு செய்ய இன்றும் பலரும் அடியொற்றும் முறை, ஹம்மர்ஸ், ஆஃப்மன் என்னும் இருவர் 1958இல் வெளியிட்டது. அவர்கள் தந்த அளவுப்படி 100 கிராம் கிராஃபைட்டுக்கு 2.3 லிட்டர் அடர் கந்தக அமிலம், 300 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட், 50 கிராம் சோடியம் நைட்ரேட் வேண்டும். அமிலம் மட்டுமே நான்கு கிலோவைத் தாண்டும். வினை முடிந்த பின் அமிலமும் மாங்கனீசும் கலந்த கழுவுநீர் எவ்வளவு வெளியேறும் என்பதை உங்கள் கணக்குக்கே விட்டுவிடுகிறேன். அந்த ஆக்சைடை மீண்டும் கிராஃபீனாக்கப் பலர் பயன்படுத்தியது ஹைட்ரசீன், அதுவும் நஞ்சு. ஒளிரும் புள்ளிகளில் பெயர்பெற்றவை பல காட்மியம் கலந்தவை. காட்மியம் என்ன செய்யும் என்பதை ஜப்பானின் தொயாமா மாவட்டம் அறியும். சுரங்கத்திலிருந்து ஜின்சு ஆற்றில் கலந்த காட்மியம் வயலுக்குப் பாய்ந்து, நெல்லில் ஏறி, உண்டவர்களின் எலும்பை நொறுக்கியது. அந்நோய்க்கு மக்கள் வைத்த பெயரே ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்பதுதான். 1968இல் அந்நாட்டு அரசு அதன் காரணத்தை ஏற்றுக்கொண்டது. நீரைத் தூய்மையாக்க என்று சொல்லிக் காட்மியத்தைச் சுமந்த துகளை நீரிலேயே போடுவது, வீட்டைக் கூட்டுவதற்குச் சேற்றில் தோய்த்த துடைப்பத்தை எடுப்பது போலாகாதா?

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். ‘ஆய்வகத்தில் செய்வது மில்லிகிராம் அளவு, அதனால் யாருக்கு என்ன தீங்கு?’ என்பது முதல் மறுப்பு. எதுவும் சிறிதாகத்தான் தொடங்குகிறது. குளிர்பதனப் பெட்டிக்கென்று குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள் வந்தபோது, நஞ்சில்லை, தீப்பற்றாது என்று உலகமே மகிழ்ந்தது. அந்த இரண்டு குணங்களும் மெய்தான். ஆயினும் அவை ஓசோன் படலத்தை அழிக்கும் என்று மோலினாவும் ரோலண்டும் 1974இல் எடுத்துரைக்க வேண்டி வந்தது. 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை செய்ய வேண்டி வந்தது. ஒரு குணத்தைப் புகழ்ந்த புகழ்ச்சியில் மற்றொரு குணத்தைக் கேட்க மறந்ததன் விளைவு அது. நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. ஆவாரம்பட்டை கொண்டு வாரக்கணக்கில் தோல் பதனிட்ட இடத்தில் குரோமிய உப்பு வந்தது. நாட்கணக்கில் வேலை முடிந்தது. வேகத்தைக் கண்டவர்கள் கழிவு போகும் திசையைக் காணவில்லை. பாலாற்றங்கரை மக்களின் கிணறுகள் அதைக் கண்டன. வேலூர்க் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் 1996இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, முன்னெச்சரிக்கை நெறியும், மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகளே என்று கூறியது. கிணறு கெட்ட பிறகு வந்த நீதி அது. கெடுவதற்கு முன்னே கேட்கும் பொறுப்பு வேதியியல் படித்தவர்களுடையது.

‘அடிப்படை ஆய்வைப் பயன் கேட்டு மடக்கக் கூடாது, ஒட்டுநாடாவை வைத்துக்கொண்டு விளையாட்டாகச் செய்ததில்தானே கிராஃபீன் பிறந்தது?’ என்பது இரண்டாம் மறுப்பு. இதை நானும் முழுமனத்தோடு ஏற்கிறேன். அறியும் ஆவலுக்காக மட்டும் ஒருவர் ஒரு பொருளைச் செய்தால் அவரிடம் பயனைக் கேட்பது அறிவீனம். ஆனால் ஒரு கட்டுரை தன் முதற் பத்தியிலேயே நீரைக் காப்போம், நோயைக் கண்டறிவோம், பசுமை வழியில் செய்தோம் என்று உறுதி கூறுமானால், அவ்வுறுதிக்குக் கணக்குக் கேட்பது எப்படிக் குற்றமாகும்? நாமாகத் தேடிப் போய்க் கேட்கவில்லை. அவர்கள் சொன்னதைப் பற்றியே கேட்கிறோம்.

கேட்பதற்கு அளவுகோல் இல்லாமலும் இல்லை. 1992இல் ரோஜர் ஷெல்டன் என்னும் வேதியியலார் எளிய கணக்கு ஒன்றைத் தந்தார். ஒரு கிலோ பொருள் செய்வதில் எத்தனை கிலோ கழிவு வருகிறது என்பதே அது. மருந்துத் தொழிலில் அது 25 முதல் 100 வரையும் அதற்கு மேலும் போகிறது என்று அவர் காட்டியபோது பலர் திடுக்கிட்டனர். 1998இல் அனஸ்தாசும் வார்னரும் வகுத்த பசுமை வேதியியலின் பன்னிரண்டு நெறிகளில் முதல் நெறியே, கழிவைப் பிறகு சுத்தம் செய்வதைவிட அது பிறக்காமல் தடுப்பது நன்று என்பதாகும். கூட்டல், வகுத்தல் தெரிந்த எவரும் போடக்கூடிய கணக்கு இது. ஒளிரும் காந்தக் கூட்டுப்பொருளைப் பற்றிய ஒவ்வொரு கட்டுரையும் இந்த ஓர் எண்ணைத் தந்தாக வேண்டும். அயனி நீர்மத்தில் எத்தனை பங்கு திரும்பப் பெறப்பட்டது, எத்தனை முறை பயன்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லாதவை பசுமை என்ற சொல்லை எடுத்துவிட்டு வெளிவரட்டும். அதில் யாருக்கும் இழுக்கில்லை.

மாற்று வழிகளும் கண்முன்னே இருக்கின்றன. 302 பாகையில் உருகும் கோலின் குளோரைடையும், 133 பாகையில் உருகும் யூரியாவையும் ஒன்றுக்கு இரண்டு என்ற மூலக்கூறு விகிதத்தில் கலந்தால், கலவை 12 பாகையிலேயே உருகும் நீர்மமாகிறது என்று 2003இல் ஆண்ட்ரூ அபாட் குழுவினர் காட்டினர். ஒன்று கோழித் தீவனத்தில் சேர்ப்பது. மற்றது வயலில் தூவுவது. இதைக் கண்டிப்பாக அயனி நீர்மம் என்று சொல்ல இயலாவிட்டாலும், அதன் வேலைகள் பலவற்றை இது செய்யும். காட்மியத்துக்கு மாற்றாகச் சர்க்கரை, சிட்ரிக் அமிலம் போன்றவற்றிலிருந்தே ஒளிரும் கார்பன் புள்ளிகளைச் செய்யலாம். ஹம்மர்ஸ் முறையிலுள்ள சோடியம் நைட்ரேட்டை நீக்கி, நச்சு வாயு எழாத முறையை 2010இல் ஜேம்ஸ் டூர் குழுவினர் வெளியிட்டுள்ளனர். மாக்னடைட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம்; இரண்டு வகை இரும்பு உப்புகளை ஒன்றுக்கு இரண்டு என்ற அளவில் கரைத்து அம்மோனியாவை ஊற்றினால் கரிய வீழ்படிவாக வந்துவிடும். நம் கல்லூரி ஆய்வகத்திலேயே செய்யத்தக்க சோதனை அது. ஆனால் இவற்றுக்கும் கணக்குப் பார்த்தே பெயர் தர வேண்டும். பழத்தோலிலிருந்து செய்தோம் என்பதனாலேயே ஒன்று பசுமையாகிவிடாது. அதை எத்தனை மணி நேரம் எத்தனை வெப்பத்தில் வேகவைத்தோம் என்பதும் கணக்கில் சேரும்.

இதெல்லாம் பெரிய ஆய்வு நிலையங்களின் கவலை, அரசு கலைக் கல்லூரியில் படிக்கும் நமக்கு எதற்கு என்று நண்பர்கள் சிலர் நினைக்கலாம். நமக்குத்தான் மிகவும் தேவை என்பேன். நம்மில் பலர், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். அச்சிட்ட எழுத்தின்மீது நமக்குப் பக்தி அதிகம். ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தால் இன்னும் அதிகம். பட்டம் பெற்றபின் நம்மில் சிலர் ஆய்வுக்குப் போவார்கள். பலர் சாயப்பட்டறையிலும் தோல் தொழிற்சாலையிலும் மருந்து நிறுவனத்திலும் வேதியியலராகப் பணிபுரிவார்கள். புதிய கரைப்பான் ஒன்று பசுமை என்ற சீட்டை ஒட்டிக்கொண்டு வந்து இறங்கும்போது, இது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்கக்கூடிய ஒரே ஆள் அங்கே அவராகத்தான் இருப்பார். அவருடைய ஊர்க் கிணறும் அந்தத் தொழிற்சாலையின் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. செய்முறைத் தேர்வுக் குறிப்பேட்டில் நோக்கம், கருவிகள், செய்முறை, முடிவு என்று எழுதுகிறோம். அவற்றோடு ‘கழிவு’ என்று இன்னொரு தலைப்பைச் சேர்ப்போம். இன்று எத்தனை மில்லிலிட்டர் அமிலம் ஊற்றினோம், எத்தனை மில்லிலிட்டர் தொட்டியில் கொட்டினோம் என்று இரண்டு வரி எழுதுவோம். இதற்கு மானியக் குழுவின் நிதியும் வேண்டாம். வெளிநாட்டுக் கருவியும் வேண்டாம். ஆசிரியப் பெருமக்கள் மனம் வைத்தால் வருகிற பருவத்திலேயே தொடங்கலாம். அந்த இரண்டு வரியை எழுதிப் பழகிய கை, நாளை கிராஃபீனைத் தொட்டாலும் குவாண்டம் புள்ளியைத் தொட்டாலும் கணக்கெழுத மறக்காது. ஒளிரும் துகள் ஒளிரட்டும். காந்தத் துகள் இழுக்கட்டும். கழுவிய நீர் எங்கே போயிற்று என்பதையும் அதே ஏட்டில் எழுதி வைப்போம்.